காக்கிச் சட்டைக்கு எந்தப் பட்டம்?

“போலீஸ் வேலைக்குப் போகணும், அதனால் கிரிமினாலஜி சேர்கிறேன்” என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலர் சொல்கிறார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். குரூப் 1 எழுதி டி.எஸ்.பி. ஆவதற்கும், யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.பி.எஸ். ஆவதற்கும் அப்படியே. இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பே கல்வித் தகுதி. பி.காம். படித்தவரும் வரலாறு படித்தவரும் உங்களோடு ஒரே மைதானத்தில்தான் ஓடுவார்கள். எஸ்.ஐ. தேர்வின் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் முதன்மைத் தாள் திருத்தப்படாது. கிரிமினாலஜி பட்டம் அங்கே கைகொடுக்காது.

அதற்காகக் குற்றவியல் படிப்பு வீண் என்று சொல்லமாட்டேன். ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார், பாதிக்கப்பட்டவருக்கு என்ன நேர்கிறது, காவல் நிலையமும் நீதிமன்றமும் சிறையும் எங்கே இணைகின்றன, எங்கே இடறுகின்றன என்பதை முறையாகச் சொல்லித்தரும் துறை அது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே துறைகள் இருக்கின்றன. ஆனால் முதலில் வேலையை முடிவு செய்யுங்கள். பட்டத்தைப் பிறகு பார்க்கலாம்.

தடயவியல்தான் நல்ல உதாரணம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போகவேண்டும் என்கிறது. இதற்கு ஏற்பாடு செய்துகொள்ள மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். ஆட்கள் கட்டாயம் தேவைப்படுவார்கள். ஆனால் ரத்தக்கறையையும் விஷத்தையும் சோதிக்கும் ஆய்வகம் கேட்பது வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற அறிவியல் பட்டங்களை. பி.ஏ. கிரிமினாலஜியோடு அங்கே நுழைவது கடினம். ஆக, தடயவியல் கனவு உள்ள பிள்ளைக்கு உண்மையான முடிவு கல்லூரி வாசலில் நடப்பதில்லை. பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து கவனிக்கவேண்டும். காமர்ஸ் குரூப்பில் சேர்த்துவிட்டு மூன்றாண்டு கழித்து வருந்திப் பயனில்லை.

நீதிமன்றப் பக்கம் போக நினைப்பவருக்குக் குற்றவியல் பட்டமும் அதன்மேல் மூன்றாண்டு சட்டப் படிப்பும் அருமையான சேர்க்கை என்பது என் கருத்து. பொறுமை மட்டும் வேண்டும். உதவி அரசு வழக்கறிஞர் தேர்வு எழுத ஐந்தாண்டு வழக்காடிய அனுபவம் தேவை. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்லிவிட்டது.

குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களின் விளம்பரங்களில் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம் என்ற பெயர்களையே பெரும்பாலும் பார்க்கலாம். அங்கே போக விரும்பினால், முதுகலையில் சமூகப்பணியோ உளவியலோ எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தனியார் துறையில் வங்கிகளின் மோசடி விசாரணை, பணச்சலவைத் தடுப்புப் பிரிவுகளில் வேலை உண்டு. கணக்குப் பதிவும் கொஞ்சம் கணினியும் தெரிந்தவருக்கே அங்கே மதிப்பு.

பலர் கவனிக்காமல் விடும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். புதுப் புதுப் பெயர்களில் வரும் பட்டங்களுக்கு, வேலை அறிவிப்பில் கேட்டிருக்கும் பட்டத்துக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று கல்லூரியில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது, அரசாணை எண்ணையே கேட்டு வாங்குங்கள். அடுத்தது, தமிழ்வழிக் கல்விக்கான 20 சதவீத ஒதுக்கீடு. முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை, ஆங்கிலவழிப் பட்ட வகுப்பில் சேர்ந்தால், பட்டம் கேட்கும் பதவிகளில் அந்த உரிமையை இழக்க நேரும். கிராமத்துப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு!

குரூப் 1 நடத்தும் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின், சீருடை வாரியத்தின் பழைய அறிவிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் விரும்பும் பதவியின் அறிவிப்பை இறக்கி, கல்வித் தகுதி என்ற பத்தியை வீட்டில் எல்லோரும் சேர்ந்து படியுங்கள். கல்லூரிக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.