நடுத்தர விலைக் கிராபிக்ஸ் கார்டை எடைபோடுவது எப்படி?



கோடை விடுமுறைக்குச் சில நாள் முன்பு, நம் சங்கத்து இளவல் ஒருவன் சரோஜினி நகரில் நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்தான். கையில் ஒரு துண்டுத்தாள். அதில் இரண்டு பெயர்கள்: என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060. “அண்ணே, இதில் எதை வாங்கலாம்?” என்றான். எட்டு மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் அது. விளையாட்டுக்குத்தானே என்று நகைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இதே காரியத்தில் நானும் ஒருமுறை ஏமாந்தவன். அவனுக்குச் சொன்னதையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் காகிதக் கணக்கு. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நிறம் கணிப்பதே கார்டின் தொழில். நொடிக்கு 60 படம் வேண்டுமெனின், ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடியே தவணை. அதற்குள் நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரவேண்டும். அது வரும் வேகத்தை நாமே கணக்கிடலாம். பாதையின் அகலத்தை, ஒரு கம்பியில் நொடிக்கு ஓடும் ஜிகாபிட்டால் பெருக்கி, எட்டால் வகுத்தால் போதும். 2021இல் வந்த 3060க்கு அகலம் 192 பிட், ஓட்டம் 15. ஆகவே நொடிக்கு 360 ஜிகாபைட். 2023இல் வந்த 4060க்கு அகலம் 128, ஓட்டம் 17, விடை 272தான். நினைவகமும் பழையதில் 12 ஜிபி, புதியதில் 8. கணிக்கும் கூறுகள் பழையதில் 3584, புதியதில் 3072.

இத்தனையும் குறைந்திருந்தும், பெரும்பாலான விளையாட்டுகளில் புதியதே முந்துகிறது! காரணம் என்ன? அதன் துடிப்பு வேகம் மிகுதி. அன்றியும் சில்லின் உள்ளேயே இருக்கும் சிறு நினைவகம், அதாவது கேஷ், பழையதில் 3 மெகாபைட், புதியதில் 24. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியை எண்ணிப் பாருங்கள். பெட்டி பெரிதானால் கடுகுக்கும் சீரகத்துக்கும் கடைக்கு ஓடவேண்டியதில்லை; கடைக்குச் செல்லும் சந்து குறுகலாயினும் சமையல் நிற்காது.

ஆனால் கடையிலேயே சரக்குத் தீர்ந்தால்? பெரிய கதை விளையாட்டுகளில் உயர்தரப் படத்துணுக்குகள் 8 ஜிபியைத் தாண்டிவிடும். மிஞ்சியது கணிப்பொறியின் பொது நினைவகத்திலிருந்து வரவேண்டும். 4060க்கு அவ்வழியில் எட்டுத் தடங்களே உண்டு. மூன்றாம் தலைமுறைப் பலகையில் அது நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட். 272 எங்கே, 8 எங்கே! அங்கேதான் படம் திக்கித் திணறும்.

அத்திணறலைச் சராசரி காட்டாது. ஒரு நொடியில் 59 படங்கள் பத்துப் பத்து மில்லிநொடியில் வந்து, ஒரே ஒரு படம் 410 மில்லிநொடி எடுத்ததென்று கொள்ளுங்கள். சராசரி 60, விளம்பரத்துக்கு அழகான எண். விளையாடுபவனோ அந்த ஒரு படத்தில் சுடப்பட்டுச் செத்திருப்பான். ஆகையால் மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்குப் படங்களின் வேகத்தைக் கேளுங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே கார்டே புனைந்து செருகும் படங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை கண்ணுக்கு இதம், கைக்கு விரைவு தரா.

தில்லிக்கென்று ஒரு கணக்கும் உண்டு. 3060 உச்சத்தில் 170 வாட் உண்ணும், 4060 115 வாட். மிச்சம் 55. நாளும் நான்கு மணி ஆடினால் மாதத்துக்கு 6.6 யூனிட், மின்கட்டணம் பெரிதன்று. அந்த 55 வாட்டும் வெப்பமாகி மே மாதத்து ஒற்றை அறையில் தங்குவதுதான் தொல்லை. 25 பாகை அறையில் 70 காட்டும் கார்டு, 40 பாகை அறையில் ஏறத்தாழ 85 காட்டும்.

இனி என் கதை. 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றியதும், அதைத் தோண்ட உழைத்த கார்டுகள் பழைய சரக்காகச் சந்தைக்கு வந்து குவிந்தன. அப்படி ஒன்றை ஒரு கடையில் ஆர்எக்ஸ் 580 என்று வாங்கினேன். அறைக்கு வந்து ஜிபியு-இசட் என்னும் இலவச நிரலில் பார்த்தால், 2304 இருக்கவேண்டிய கூறுகள் 2048! சீனச் சந்தைக்கென்று 2018இல் அதே பெயரில் வந்த குறைந்த வகை அது. கடைக்காரர் திரும்பப் பெறவில்லை. அந்நிரலைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்திருக்கவேண்டும்.

இளவலின் பலகை மூன்றாம் தலைமுறை. அவன் ஆடுவதும் பெரிய கதை விளையாட்டுகள். நான்கு ஆண்டு வைத்திருப்பானாம். எனவே மெதுவானதாயினும் 12 ஜிபி உள்ள 3060 என்றேன். 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580க்கும் 12 ஜிபி உண்டு. ஆயின் பழைய பலகையில் அதன் வேகம் வெகுவாக இறங்கும்.

லாஜ்பத் நகரில் மெட்ரோ மாறி நேரு பிளேஸ் சென்றோம். முதற்கடையில் 3060 என்றே பெட்டியை நீட்டினர். ஓரத்தில் சிறிய எழுத்தில் 8 ஜிபி. அது 2022இல் வந்த தம்பி. பெயர் ஒன்று, பாதை 128 பிட்தான். இளவலே அதைக் கண்டு என் தோளைத் தட்டினான். நான்காம் கடையில்தான் 12 கிடைத்தது. ரசீதில் தொடர் எண்ணை எழுதச்சொல்லி வாங்கிக்கொண்டு திரும்பினோம்.