கடுகளவு நத்தைக்கு ஒரு பெயர்

ரவாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பழைய சாலை வழியாகச் செல்வோர், டெம்ப்ளர் பூங்காவின் அருகே பசுங்காட்டுக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கும் வெண்ணிறப் பாறையைக் கண்டிருப்பர். அதுதான் புக்கிட் தாக்குன். அதன் அருகில் அனாக் தாக்குன் என்னும் சிறிய குன்றும் உண்டு. மேலும் தெற்கே சென்றால், தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் கூடும் பத்துமலையை அடையலாம். இவை மூன்றும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். நம் கண்ணுக்கு இவை பாறையும் குகையுமாகவே தெரிகின்றன. உயிரியல் ஆய்வாளர்களுக்கோ இவை தரையில் அமைந்த தீவுகள்.

ஏன் அவ்வாறு கூறுகிறார்கள்? நத்தையின் ஓடு கால்சியம் கார்பனேட் என்னும் பொருளால் ஆனது. சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். ஆகவே, ஓடு கட்டத் தேவையான பொருள் நிறைந்துள்ள இக்குன்றுகளில் நத்தைகள் செழித்து வாழ்கின்றன. ஆனால், ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் இடையே பல கிலோமீட்டர் தொலைவுக்குக் காடோ தோட்டமோ ஊரோ இருக்கலாம். நமக்கு அது அரைமணி நேரப் பயணம். கடுகளவு நத்தைக்கோ கடக்க முடியாத கடல். பிற குன்றுகளின் நத்தைகளோடு கலக்காமல் நெடுங்காலம் வாழ்ந்ததால், சில குன்றுகளில் வேறெங்கும் இல்லாத தனி இனங்கள் உருவாகியுள்ளன. இவ்வாறு ஓரிடத்தில் மட்டுமே வாழும் உயிரினத்தை ‘ஓரிடவாழ்வி’ என்பர்.

இதற்குச் சிறந்த சான்று பேராக் மாநிலத்தின் குனோங் ராப்பாட்டில் கிடைத்தது. பொதுவாக நத்தை ஓடு ஒரே அச்சைச் சுற்றிச் சீராகச் சுருண்டு வளரும். குனோங் ராப்பாட்டில் கண்டெடுக்கப்பட்ட நத்தை ஓடோ நான்கு வெவ்வேறு அச்சுகளைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது. அதன் சுருள்கள் மூன்று முறை விலகி, இரண்டு முறை மீண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டின் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாது. ரூபன் கிளெமென்ட்ஸ், லியூ தோர் செங், யாப் யான் வெர்மியூலன், மென்னோ ஸ்கில்தாய்சன் ஆகிய நால்வரும் 2008ஆம் ஆண்டில் இந்த நத்தையைப் புதிய இனமாக அறிவித்தனர். அவர்கள் அதற்கு ‘ஓபிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம்’ என்று பெயர் சூட்டினர். இலத்தீன் மொழியில் ‘வெர்மிகுலஸ்’ என்றால் சிறுபுழு என்று பொருள். நெளிந்து கிடக்கும் புழுவைப் போன்ற ஓட்டுக்கு அப்பெயர் பொருத்தமானதே.

இவ்வளவு சிறிய நத்தையை எப்படித் தேடுவது? பாறையின் அடிவாரத்தில் கிடக்கும் மண்ணையும் சருகையும் பையில் அள்ளிக்கொள்வர். அதனை ஒரு வாளி நீரில் கொட்டிக் கலக்குவர். மண் அடியில் தங்கிவிடும். உள்ளே காற்று அடைபட்ட வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். மிதப்பவற்றைச் சல்லடையால் வடித்து, உலர்த்தி, நுண்ணோக்கியின்கீழ் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பர். இதற்கு விலையுயர்ந்த கருவிகளைவிடப் பொறுமையே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

ஓடு கிடைத்தவுடன் அது புதிய இனம் என்று அறிவித்துவிட முடியாது. முதலில், அதுவரை பெயரிடப்பட்ட உறவினங்களோடு அதனை ஒப்பிட வேண்டும். அதற்காகப் பழைய நூல்களைப் புரட்டவும் அருங்காட்சியகங்களில் உள்ள மாதிரிகளைப் பார்க்கவும் வேண்டும். அடுத்து, ஓட்டின் உயரம், அகலம், சுருள்களின் எண்ணிக்கை, வாயின் வடிவம், மேற்பரப்பின் வரிகள் ஆகியவற்றை அளந்து எழுதிப் படமும் சேர்க்க வேண்டும். இப்பணி எல்லா உயிர்களுக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. எடுத்துக்காட்டாக, கடல் மணலில் வாழும் நுண்ணிய தட்டைப்புழுவுக்கு ஓடு கிடையாது. பதப்படுத்தினால் அதன் மென்மையான உடல் சுருங்கி உருமாறிவிடும். ஆகவே, அது உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்த்து வரைந்துகொள்கிறார்கள்.

பெயரிடுவதற்கும் விதிகள் உண்டு. விலங்குகளின் அறிவியல் பெயர்கள் அனைத்துலக விதித்தொகுப்பு ஒன்றின்படி அமைகின்றன. இம்முறைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுவது, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பாகும். பெயரின் முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் இனத்தையும் குறிக்கும். ஒரே உயிரினத்துக்கு இருவர் வெவ்வேறு பெயர்களைச் சூட்டியிருந்தால், பொதுவாக முந்தி வெளியான பெயரே நிலைக்கும். மேலும், ஒரு மாதிரியை முதன்மை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பர். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால், எவரும் அதனைப் பார்த்துத் தெளிவு பெறலாம்.

இத்தனை உழைப்பும் ஒரு பெயருக்காகவா என்று கேட்கத் தோன்றும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளியில் சேரவும் அடையாள அட்டை பெறவும் படும் அல்லலை நம் சமூகம் நன்கறியும். அப்பிள்ளை கண்முன்னே நின்றாலும் பதிவேட்டில் இல்லை. பெயரிடப்படாத உயிரினத்தின் நிலையும் இத்தகையதே. அது எங்கே வாழ்கிறது, எத்தகைய ஆபத்தில் இருக்கிறது என்று பதிவு செய்வதற்கும், அதைக் காக்க வேண்டும் என்று கேட்பதற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும்.

ஆனால், பெயர் மட்டும் போதாது என்பதைப் பகாங் மாநிலத்தின் புக்கிட் பஞ்சிங் நமக்கு உணர்த்துகிறது. குவாந்தானுக்கு அருகிலிருந்த அந்தச் சுண்ணாம்புக்கல் குன்றில் ஒரு நுண்ணத்தை வாழ்ந்தது. 1952ஆம் ஆண்டில் வான் பெந்தெம் யுட்டிங் என்னும் டச்சுப் பெண் ஆய்வாளர் அதற்குப் பெயரிட்டார். இன்று அது ‘பிளெக்தோஸ்தோமா சியாபிலம்’ என்று அழைக்கப்படுகிறது. ‘சியாபிலம்’ என்பதற்கு ‘நிழலை விரும்புவது’ என்று பொருள். பின்னர், கல்லுக்காக அக்குன்றைச் சிறிது சிறிதாக வெட்டியெடுத்தார்கள். இறுதியில் குன்று இருந்த இடத்தில் நீர் தேங்கிய பள்ளமே எஞ்சியது. நிழல் தந்த பாறை மறைந்தது. நிழலை நாடிய நத்தையும் மறைந்தது. 2014ஆம் ஆண்டில் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த இனம் அற்றுப்போனதாக அறிவித்தது.

அதே 2014ஆம் ஆண்டில் வேறொரு பெயரும் பலரது கவனத்தை ஈர்த்தது. ஈப்போவுக்கு அருகிலுள்ள குனோங் கந்தானில் லஃபார்ஜ் என்னும் சிமெண்டு நிறுவனம் கல்லெடுத்து வந்தது. அங்குக் கண்டறிந்த புதிய நத்தைக்கு ஆய்வாளர்கள் ‘லஃபார்ஜை’ என்று அந்நிறுவனத்தின் பெயரையே சூட்டினர். அந்த நத்தையின் வாழ்வும் முடிவும் அந்நிறுவனத்தின் கையில் இருப்பதை உலகுக்கு உணர்த்தவே அவ்வாறு பெயரிட்டனர்.

சிமெண்டு வேண்டாம் என்று நம்மால் சொல்ல முடியாது. நாம் வாழும் வீடும் படிக்கும் பள்ளியும் அதனால் எழுந்தவையே. ரவாங்கிலும் நெடுங்காலமாகச் சிமெண்டு ஆலை இயங்கி வருகிறது. ஆகவே, கல்லெடுக்கலாமா கூடாதா என்பதைவிட, எந்தக் குன்றில் எடுப்பது, எதனை விட்டுவைப்பது என்பதே நம் முன் உள்ள கேள்வி. ஒரு குன்றில் என்னென்ன வாழ்கின்றன என்று தெரிந்தால்தான் அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூற முடியும். அங்கு வாழ்வன நத்தைகள் மட்டுமல்ல. சுண்ணாம்புக் குகைகளில் பகலில் உறங்கும் ஒருவகை வௌவால்கள், இரவில் பறந்து சென்று டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. நாம் விரும்பி உண்ணும் பழத்துக்கும் தொலைவிலுள்ள குகைக்கும் இவ்வாறு தொடர்பு உண்டு.

லியூ தோர் செங்கும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிளெக்தோஸ்தோமா பேரினத்தைச் சேர்ந்த 31 இனங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 10 இனங்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பெயர் பெற்றன. ஓடுகளின் முப்பரிமாண உருவங்களையும் அவர்கள் கணினியில் உருவாக்கிப் பதிவு செய்தனர். அப்பதிவில் புக்கிட் பஞ்சிங் நத்தையும் இடம்பெற்றுள்ளது. அதன் ஓட்டை நாம் இன்று படத்தில் காணலாம். ஆனால், அதனைத் தேடிச் செல்வதற்கு அந்தக் குன்று இல்லை.

புக்கிட் தாக்குன் இன்றும் நிற்கிறது. அடுத்தமுறை அவ்வழியே செல்லும்போது அந்த வெண்பாறையைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். அதன் அடிவாரத்துச் சருகுக்குள், இதுவரை எவரும் பெயரிடாத ஓர் உயிர் ஊர்ந்து கொண்டிருக்கலாம்.