விறகு பிளக்கும் மெஷின் வாங்கப் போகிற தம்பிகளுக்கு

பேத்தமங்களாவிலும் தங்கவயலிலும் விறகுத் தொழிலில் புதிதாக இறங்குகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "பெரியப்பா, எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான். கேட்கிற கையோடு போனில் ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். அதில் முடிச்சு இல்லாத நேர்க்கட்டை ஒன்று மெஷினில் ஏறும், நொடியில் இரண்டாகப் போகும். அந்தக் கட்டையைப் பொறுக்கியவர் மெஷின் விற்கிறவர். உங்கள் டிப்போவில் வந்து இறங்கப்போகிற கட்டைகளை அவர் பார்த்ததில்லை.

நம் பக்கம் விறகு புதுத் தொழில் இல்லை. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கச் சுரங்கம் நடத்த வந்தபோது நீராவி பாய்லர்களுக்குப் போட்டே சுற்றுக் காடுகள் கரைந்தன. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பசி அடங்கியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். ஆனாலும் பேக்கரி, பிரியாணிக் கடை, கல்யாண மண்டபம், செங்கல் சூளை, பட்டு நூல் எடுக்கிற இடம் என்று விறகுக்கு ஆள் இருக்கத்தான் செய்கிறார்கள். தொழில் நிலைத்து நிற்கும். மெஷினும் நிலைத்து நிற்குமா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் இந்தப் பத்து யோசனை.

1. மெஷின் வேண்டுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

ஒரு மெஷின் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஒரு டன், வருஷத்துக்கு 250 நாள், ஆறு வருஷம் ஓடினால் 1,500 டன். டன்னுக்கு நூறு ரூபாய் மெஷின் செலவு. அதே மெஷினில் ஆறு வருஷத்துக்கும் சேர்த்து 250 டன்தான் பிளந்தீர்கள் என்றால் டன்னுக்கு அறுநூறு. கரண்ட், ஆயில், சீல் எல்லாம் இதற்கு மேல். இரண்டாவது கணக்குக்காரர் நீங்கள் என்றால் நல்ல கோடாலி ஒன்று, ஆப்பு இரண்டு, சம்மட்டி ஒன்று போதும். லாரி பட்டாவில் கொல்லர் அடித்துக் கொடுக்கிற ஆப்பு பரம்பரைக்கும் வரும். அதன் தலை அடிபட்டு விரிந்தால் மட்டும் உடனே கிரைண்டரில் தேய்த்துவிடுங்கள். விரிந்த ஓரத்திலிருந்து தெறிக்கிற சில்லு கண்ணைக் கெடுக்கும்.

2. மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் மரத்தைப் பாருங்கள்.

கோலார் ஜில்லாவில் இத்தனை வருஷமாக விறகு என்றால் நீலகிரி மரம், அதாவது தைல மரம். அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடும். பச்சையாக இருக்கும்போது படுசாதுவாகப் பிளக்கும். காய்ந்துவிட்டால் பிடிவாதம் பிடிக்கும். அதனால் வெட்டிய வாரத்திலேயே பிளந்து அடுக்கிவிடுங்கள். பிளந்த கட்டை சீக்கிரம் காயும் என்பது கூடுதல் லாபம். மாமரம் லேசு. புளி, வேம்பு, சீமைக்கருவேலம் முடிச்சும் கவையுமாக வரும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2017-இல் கர்நாடக அரசு புதிதாக நீலகிரி நடக்கூடாது என்று தடை போட்டது. தோப்பைக் கழிக்கிறவர்கள் ஜே.சி.பி. வைத்துத் தூரோடு பிடுங்குகிறார்கள். அந்தத் தூர்க்கட்டைதான் மலிவாகக் கிடைக்கும், அதுதான் மெஷினையும் உடைக்கும். இனி வரும் வருஷங்களில் நேரான நீலகிரிக் கட்டை குறையும். தூரும் மாங்கிளையும் புளியங்கவையும் கூடும். இன்றைக்கு டிப்போவில் கிடக்கிற கட்டைக்கு வாங்காமல் ஐந்து வருஷம் கழித்து வரப்போகிற கட்டைக்கு வாங்குங்கள்.

3. எத்தனை டன் என்று அவர்கள் சொல்ல வேண்டாம், நீங்களே கணக்குப் போடுங்கள்.

பெயின்டில் "20 டன்" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டே விஷயம் கேளுங்கள்: சிலிண்டரின் உள்விட்டம் எவ்வளவு, எத்தனை அழுத்தத்தில் ஓடுகிறது? விட்டம் 100 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 160 கிலோ என்றால் இரண்டையும் பெருக்குங்கள்: பன்னிரண்டரை டன். விட்டம் 75 என்றால் ஏழு டன்தான். உண்மையாகவே 20 டன் வேண்டுமானால் இதே அழுத்தத்தில் 125 மில்லிமீட்டர் சிலிண்டர் வேண்டும். நேர்க்கட்டைக்கு ஏழெட்டு டன் தாராளம். தூருக்கும் புளிக்கும் பன்னிரண்டுக்குக் குறைந்து இறங்காதீர்கள்.

4. டன்னும் வேகமும் சேர்ந்து வந்தால் மோட்டாரைப் பாருங்கள்.

இருபது டன் தள்ளும், அரை மீட்டர் ஓட்டத்தை எட்டு விநாடியில் முடிக்கும், மோட்டார் மூன்று எச்.பி.தான் என்று ஒருவர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். முழு பலத்தோடு அந்த வேகத்தில் தள்ள பதினாறு எச்.பி. வேண்டும். ஐந்து எச்.பி. மோட்டார், 100 மில்லிமீட்டர் சிலிண்டர் என்றால் முழு அழுத்தத்தில் அதே அரை மீட்டருக்கு இருபது விநாடி போல ஆகும். அது குறை இல்லை. நடைமுறையில் கட்டை வாய் பிளந்த பிறகு பலம் தேவைப்படாது. அதனால் இரட்டை நிலை பம்ப் உள்ள மெஷின் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம். லேசான இடத்தில் வேகமாக ஓடும், முடிச்சில் முட்டியதும் தானாக மெதுவாகி முழு பலத்தில் தள்ளும். நாள் முழுக்க வேலை செய்கிறவனுக்கு இந்த ஒரு பம்ப் ஒரு ஆள் கூலிக்குச் சமம்.

5. கரண்ட் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு மோட்டார் பேசுங்கள்.

ராபர்ட்சன்பேட்டைக்குள் டிப்போ வைத்திருப்பவருக்கு ஒரு கதை, பேத்தமங்களா ஏரிக்கு அப்பால் தோட்டத்தில் வைத்திருப்பவருக்கு வேறு கதை. சிங்கிள் பேஸில் மூன்று எச்.பி.க்கு மேல் போனால் மோட்டார் திணறும், வோல்டேஜ் விழுந்தால் காயில் எரியும். தோட்டத்து லைனில் த்ரீ பேஸ் நாளில் சில மணி நேரந்தான். பம்ப்செட்டுக்குக் கொடுத்த இணைப்பில் வியாபார மெஷினை ஓட்டினால் மின்வாரியத்தோடு வம்பு. தனி இணைப்பு கேட்டு வாங்குங்கள். சொந்த டிராக்டர் இருந்தால் மோட்டாரே இல்லாத மாடலை வாங்கி டிராக்டர் ஷாஃப்டில் மாட்டுங்கள். கட்டை கிடக்கும் இடத்துக்கே மெஷின் போகும், வண்டிக்கூலி மிச்சம். சுழலும் ஷாஃப்டுக்கு மூடி இல்லாமல் மட்டும் ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

6. திருகுக் கூம்பு மெஷின் மலிவு என்று மயங்காதீர்கள்.

மோட்டாரில் ஒரு கூரான இரும்புக் கூம்பு, அதில் மரை. கட்டையை அழுத்தினால் திருகிக்கொண்டு உள்ளே போய்ப் பிளக்கும். விலை குறைவு, ஆயில் கிடையாது, சிலிண்டர் கிடையாது. ஆனால் கட்டை மாட்டிக்கொண்டால் கட்டையே சுற்றும், பிடித்திருக்கிற கையையும் சேர்த்துச் சுற்றும். லுங்கி நுனியோ தோளில் போட்ட துண்டோ அந்த மரையில் சிக்கினால் சுவிட்சைத் தேட நேரம் இருக்காது. கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் இதை வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

7. இரும்பைத் தொட்டுப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது உங்களிடம் உள்ளதிலேயே மோசமான புளியங்கவை ஒன்றைக் கூட எடுத்துப் போங்கள். மெஷின் நீளத்துக்குச் சணல் கயிறும் பையில் இருக்கட்டும். மெஷின் ஓடுவதற்கு முன் அடியில் இருக்கிற உத்தரத்தின் ஓரத்தோடு கயிற்றை விறைப்பாகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கவையை ஏற்றி, அது பிளக்காமல் முரண்டு பிடிக்கிற நேரத்தில் எட்ட நின்று கவனியுங்கள். மெஷினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டு, மறுபடி கயிறு பிடியுங்கள். உத்தரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் முன்பு இல்லாத சந்து தெரிந்தால் இரும்பு வளைந்து நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த மெஷின் ஒரு வருஷம்கூடத் தாங்காது.

ஆப்பும் சிலிண்டர் அடியும் உத்தரத்தோடு சேருகிற வெல்டிங்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்திருந்தால் வேண்டாம். ஆப்பு எந்த இரும்பு என்று கேளுங்கள். ஈ.என்.8 போன்ற கடின எஃகாக இருந்தால் நல்லது. சாதா இரும்பு நாலு மாதத்தில் மழுங்கும். நாலாகப் பிளக்கிற ஆப்பு வைத்திருந்தால் அது கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். முடிச்சுக் கட்டைக்கு அது ஆகாது. தூர் நிறைய வரும் என்றால் நிமிர்த்தி வைக்கிற வசதியும் கேளுங்கள். அத்தனை கனத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்குவதைவிட உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவது மேல்.

8. ரிப்பேர் எங்கே நடக்கும் என்று தெரிந்துகொண்டு பணத்தை எடுங்கள்.

என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். எந்த மெஷினும் பழுதாகும். பங்காரப்பேட்டைக்குள் சரிசெய்ய முடிந்தால் ஒரு நாள் வேலை போகும். ராஜ்கோட்டிலிருந்து சாமான் வரவேண்டும் என்றால் பதினைந்து நாள் டிப்போ சும்மா கிடக்கும், வாடிக்கையான பேக்கரிக்காரர் வேறு இடம் பார்த்துவிடுவார். ஆகவே சிலிண்டர் சீல், ஹோஸ், பம்ப், வால்வு எல்லாம் பொது அளவில் இருக்கிறதா, அந்தக் கம்பெனியில் மட்டும் கிடைக்கிற அளவா என்று கேளுங்கள். அளவைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

நமக்கு ஒரு யோகம் உண்டு. 1964-இல் தொடங்கிய பெமல் நம் தங்கவயலில்தான் புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்கிறது. ஹைட்ராலிக்ஸ் சாமான் செய்யவே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவோ சித்தப்பாவோ உங்கள் தெருவிலேயே இருக்கலாம். வாங்கப் போகும்போது அவரைக் கையோடு அழைத்துப் போங்கள். சிலிண்டர் ராடில் நகத்தை ஓட்டிப் பார்த்தே குரோம் பூச்சின் லட்சணத்தைச் சொல்லிவிடுவார். ராடில் கீறல் இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும்.

9. ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பம்ப் நிமிஷத்துக்கு 12 லிட்டர் தள்ளுகிறது என்றால் டேங்க் 25-லிருந்து 35 லிட்டர் பிடிக்க வேண்டும். சின்ன டேங்க் என்றால் மத்தியானத்துக்குள் ஆயில் கொதித்து நீர்த்துப்போகும், பலம் குறையும், சீல் வேகும். 46 அல்லது 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயிலில் மெஷின்காரர் சொல்வதை ஊற்றுங்கள். பழைய இன்ஜின் ஆயில் கூடவே கூடாது. ஆயில் பால் நிறமாகத் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். விறகு டிப்போவில் தூசும் மரத்தூளும் எப்போதும் பறக்கும். ஃபில்டர் இல்லாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிரஷர் கேஜ் இருக்கட்டும். கட்டை பிளக்கவில்லை என்று ரிலீஃப் வால்வை முறுக்கி ஏற்றுகிற பழக்கம் வேண்டாம். கட்டையைத் திருப்பி வையுங்கள்.

10. கை முழுசாக இருந்தால்தான் தொழில்.

இரண்டு கையும் இரண்டு லீவரில் இருந்தால்தான் மெஷின் தள்ளும் என்கிற அமைப்பு உள்ள மெஷினை வாங்குங்கள். வேகத்துக்காக ஒரு லீவரைக் கம்பி வைத்துக் கட்டிவிடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. அவர்களை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்புங்கள். ஒருவர் கட்டை வைக்க, இன்னொருவர் லீவர் போடக் கூடாது. வைக்கிறவரே ஓட்டட்டும். பாதி பிளந்து சிக்கிய கட்டைக்குள் விரல் விட்டால் ஆப்பசைத்த குரங்கின் கதைதான். ஹோஸில் ஒழுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலே அழுகிவிடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அப்படிக் குத்திவிட்டால் வலி இல்லையே என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியாக விலை. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டி பேச அதுதான் ஆதாரம். பேரம் பேசி இரண்டாயிரம் குறைப்பதைவிட, அதே பணத்துக்கு ஒரு செட் சீலும் ஒரு ஹோஸும் கூடக் கொடுக்கச் சொல்லுங்கள். தனியாக வாங்க முடியாது என்றால் இரண்டு மூன்று டிப்போக்காரர்கள் சேர்ந்து வாங்கி முறை வைத்து ஓட்டலாம். ஆயில் மாற்றுவது யார் பொறுப்பு என்பதை மட்டும் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் வந்துவிட்டது என்று கோடாலியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கரண்ட் இல்லாத நாளிலும் பேக்கரிக்காரருக்கு அடுப்பு எரிய வேண்டும்.