மனோன்மணீயம் சின்னத்திரைக்கு வருமா?

கேள்வி: ‘மனோன்மணீயம்’ போன்ற பழைய நாடகங்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தால் இன்றைக்கு எடுபடுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக எடுபடும். 1891இல் சுந்தரம் பிள்ளை மேடைக்காக அல்ல, படிப்பதற்காகவே எழுதிய செய்யுள் நாடகம் அது. 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதை ‘மனோன்மணி’ என்று படமாக்கியது. கதையும் நம்ம ஊர்க் கதை: பாண்டியன் சீவகன் மதுரையை விட்டு நெல்லைக்கு வந்து கோட்டை கட்டுகிறான். கற்பனைதான், ஆனாலும் நமக்கு நெருக்கமான கற்பனை.

அமைச்சன் குடிலனைப் பாருங்கள். வாய் மன்னனைப் புகழும். மனம் அரியணையைக் கணக்குப் போடும். மேடையில் கடைசி வரிசைக்குத் தெரியாத அந்தக் கண்ணசைவைக் கேமரா அருகில் போய்க் காட்டிவிடும். மன்னனின் குரு சுந்தர முனிவர் அமைக்கும் இரகசியச் சுரங்க வழியைக் காட்ட ஒரு தீப்பந்தமும் காலடி ஓசையும் போதும்.

ஐந்து அங்கங்களை ஐந்து வாரமாக்கலாம். உரையாடலை எளிய தமிழில் எழுதட்டும். தனிமொழிகளில் மட்டும் ஆசிரியப்பாவைத் தொடவே கூடாது. அந்த ஓசைதான் நாடகத்தின் உயிர். நூறு வாரம் இழுத்தால் அந்த உயிர் போய்விடும்.