காட்டு இஞ்சி: தோட்டத்துக்கு ஆகும், தேநீருக்கு ஆகாது

டொராண்டோவைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வாங்கும் தமிழர்கள் பலருக்குப் பின்வளவில் ஒரு பெரிய மேப்பிள் மரமும், அதன் அடியில் புல் பிடிக்காத மண்ணும் சேர்ந்தே வாய்க்கின்றன. புல்விதையைத் திரும்பத் திரும்பத் தூவிப் பார்த்துவிட்டு, நிழலில் எதுவும் வராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். புல்லைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அதே மண்ணுக்கு உரிய காட்டு இஞ்சிக்கு நிழல்தான் வீடு. தாவரவியலில் அசாரம் கனடென்ஸ் எனப்படும் இந்தச் செடி, கியூபெக், மனிடோபா தொடங்கித் தெற்கே கரோலினா மாநிலங்கள் வரை மேப்பிள், பீச், ஓக் காடுகளின் தரையில் வளர்கிறது. உயரம் ஒரு சாணுக்குள்தான். இதய வடிவ இலைகள் ஒன்றையொன்று தொட்டு விரிந்து தரையை மூடிவிடும். கடும் வெயில் பட்டால்தான் இலை கருகும்.

இதைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் உயிரோடு விளையாடுவது ஒன்று உண்டு: இஞ்சிக்குப் பதிலாக இதைச் சமையலிலும் தேநீரிலும் சேர்க்கலாம் என்பது. வேரை நசுக்கினால் இஞ்சி மணம் வீசுவது உண்மை. பூர்வகுடி மக்கள் மருந்தாகக் கொண்டதும், ஐரோப்பியக் குடியேறிகள் உணவில் சேர்த்ததும் உண்மை. ஆனால் இஞ்சி, மஞ்சளோடு இதற்கு உறவே இல்லை. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும்தான் இதன் சொந்தங்கள். அந்தக் குடும்பத்துக்கே உரிய அரிஸ்டோலோகிக் அமிலம் இதிலும் இருக்கிறது. அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும்; சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காக மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன மூலிகை இருக்க வேண்டிய இடத்தில், ஆடுதின்னாப்பாளையின் பேரினமான அரிஸ்டோலோகியாவின் வேர் சேர்ந்துவிட்டதே காரணம். 2001இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த அமிலம் உள்ள பொருள்களை உட்கொள்ள வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களின் பட்டியலில் இதை வைத்திருக்கிறது. கொதிக்க வைப்பதால் நஞ்சு போய்விடாது. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்ற நினைப்பை இந்த ஒரு செடியிடமாவது விட்டுவிட வேண்டும். நட்டு வளர்ப்பதில் பயம் இல்லை. வாயில் வைப்பதில்தான் ஆபத்து.

அடுத்தது பூ. வசந்தத்தில் இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே, மண்ணை ஒட்டிப் பழுப்புச் சிவப்பில் பூக்கும். அழுகிய இறைச்சியைப் போன்ற நிறம் என்பதால் ஈக்கள்தான் மகரந்தம் சேர்க்கின்றன என்று பல கையேடுகள் எழுதிவிட்டன. சிறு ஈக்கள் வருவதுண்டு; ஆனால் செடி அவற்றை நம்பி இல்லை. பூ முதிரும்போது மகரந்தத் தாள்கள் தாமே நிமிர்ந்து சூலகமுடியைத் தொடுகின்றன. பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைதான்.

விதையைப் பரப்ப மட்டும் இதற்குத் துணை வேண்டும். விதையோடு ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகள் அதைப் புற்றுக்கு இழுத்துச் செல்கின்றன. அவை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று கெய்ன், டாம்மன், மியூர் ஆகிய ஆய்வாளர்கள் அளந்து 1998இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட அதிகபட்ச தூரம் 35 மீட்டர். எறும்பை மட்டும் நம்பியிருந்தால் பனியுகத்துக்குப் பிந்தைய 16,000 ஆண்டுகளில் இந்தச் செடி 10, 11 கிலோமீட்டர்தான் நகர்ந்திருக்க முடியும். அது நகர்ந்திருப்பதோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்! எப்போதோ ஒருமுறை வேறு ஏதோ வழியில் விதை வெகுதூரம் போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. அறிவியல் கட்டுரைகளில் இப்படி வியக்க வைக்கும் கணக்கு அபூர்வம்.

இதைப் படித்த பிறகு, ‘நட்டால் தோட்டம் முழுவதும் படர்ந்து தொல்லை தரும்’ என்ற அச்சத்துக்கு இடமில்லை. வேர்த்தண்டு ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர்தான் நகரும். கட்டுக்கடங்காமல் ஓடுவது ஐரோப்பாவிலிருந்து வந்த வின்காவும் ஐவியும்தான். அவற்றைத்தான் பலர் ஆசையாக வாங்கி நடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

பட்டாம்பூச்சிக்காக இதை நடுவோரும் உண்டு. தமிழ்நாட்டில் ரோஜா அழகி ஆடுதின்னாப்பாளையில் முட்டையிடுவதுபோல, அங்கே பைப்வைன் ஸ்வாலோடெயில் என்ற பட்டாம்பூச்சிக்கும் இந்தக் குடும்பமே உணவு. ஆனால் அதன் புழுக்கள் நன்றாக வளர்வது அரிஸ்டோலோகியா கொடிகளில். காட்டு இஞ்சியை நம்பி அதை வரவேற்க முடியாது.

நடுவதற்கு வசந்தமோ இலையுதிர் காலத் தொடக்கமோ ஏற்றது. வேர்த்தண்டை ஆழப் புதைக்காமல் மேலாக, ஒரு அடி இடைவெளியில் வைத்து, முதல் ஆண்டு மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மரத்தடிச் சருகைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டும் பழக்கத்தை அந்த இடத்திலாவது நிறுத்த வேண்டும். ஈரத்தையும் எருவையும் தருவது அந்தச் சருகுதான். பனிக்காலத்தில் இலைகள் மடிந்து மறைந்தால் செடி செத்துவிட்டதாக எண்ணித் தோண்டிவிடக் கூடாது. நாற்றைக் காட்டிலிருந்து பிடுங்கி வருவது தவறு. கியூபெக்கில் காட்டுச் செடியை எடுத்து விற்பது சட்டப்படியே குற்றம். உள்ளூர்த் தாவரங்களைப் பெருக்கி விற்கும் நாற்றங்கால்களில் இது கிடைக்கும். வாங்கும்போது, நாற்றங்காலிலேயே வளர்த்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.