முதல் டிஎஸ்எல்ஆருக்கு எந்த லென்ஸ், என்னென்ன துணைச் சாமான்கள்? திண்டுக்கல்காரர்களுக்கு 18 குறிப்புகள்

வீட்டுக்கு டிஎஸ்எல்ஆர் கேமரா வந்துவிட்டால் அடுத்து என்ன வாங்குவது என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். கடைக்காரர் ஒரு பட்டியல் சொல்வார், கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் நண்பர் இன்னொன்று சொல்வார். இரண்டையும் கேட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கினால் பாதிச் சாமான் பீரோவில் தூங்கும். கேமராவின் பாடி சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் கூட வரும். அதனால் பணத்தை லென்ஸில் போடுங்கள். அதையும் தேவை தெரிந்த பிறகு, ஒவ்வொன்றாகப் போடுங்கள். நம் ஊர் வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி மழை, கொடைக்கானல் குளிர் எல்லாவற்றையும் மனதில் வைத்துத் தொகுத்த குறிப்புகள் இவை.

1. கிட் லென்ஸைக் குறைவாக நினைக்காதீர்கள். கேமராவோடு வரும் 18-55 எம்எம் லென்ஸிலேயே இரண்டு, மூன்று மாதம் எடுத்துப் பழகுங்கள். எந்த எம்எம்மில் எடுத்தீர்கள் என்பது ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் பதிவாகியிருக்கும். உங்களுக்குப் பிடித்த நூறு படங்களை எடுத்து அந்த எண்ணை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் 55 என்று இருந்தால் தூரத்தை இழுக்கும் லென்ஸ் உங்களுக்குத் தேவை. 18-ஆகவே இருந்தால் அகலம் போதவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் எடுத்தவை மட்டும் கலங்கியிருந்தால் வெளிச்சம் அதிகம் வாங்கும் லென்ஸ் வேண்டும்.

2. லென்ஸ் உங்கள் பாடிக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். கேனான் 1500டி, 200டி போன்றவற்றில் இஎஃப், இஎஃப்-எஸ் இரண்டு வகையும் மாட்டலாம். ஆர்எஃப் லென்ஸ் மாட்ட முடியாது. நிக்கான் டி3500, டி5600 பாடிகளுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கும் லென்ஸில்தான் ஆட்டோ போகஸ் வேலை செய்யும். பழைய ஏஎஃப்-டி வகை 50 எம்எம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் போகஸைக் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும். டி90, டி3000 போன்ற பழைய நிக்கான் வைத்திருப்பவர்கள் ஏஎஃப்-பி லென்ஸைத் தவிர்த்துவிடுங்கள்.

3. எஃப் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் வாங்கும் வெளிச்சம் அதிகம். கிட் லென்ஸை 50 எம்எம் பக்கம் திருப்பினால் எஃப்/5.6 வரைதான் திறக்கும். எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மண்டபத்தில் கிட் லென்ஸ் நொடியில் பத்தில் ஒரு பங்கு கேட்கிற இடத்தில், இது நூறில் ஒரு பங்கில் எடுத்துவிடும். ஓடுகிற குழந்தை கலங்காமல் விழுவதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம்.

4. 50-ஆ, 35-ஆ, 24-ஆ என்று முடிவு செய்ய வீட்டு ஹாலை அளந்து பாருங்கள். கேனானின் சிறிய சென்சாரில், பத்தடி தள்ளி நின்று எடுத்தால் 50 எம்எம் லென்ஸுக்குள் நாலரை அடி அகலம்தான் அடங்கும். 35 எம்எம்மில் ஆறடிக்குச் சற்று மேல்; 24 எம்எம்மில் ஒன்பது அடிக்கு மேல். காதுகுத்து, வளைகாப்பு போன்ற வீட்டு விசேஷங்களில் நாலு பேரைச் சேர்த்து எடுக்க 50 எம்எம் நெருக்கும். திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்தை எடுக்க அதே 50 எம்எம்தான் அருமையாக இருக்கும். முகப்படம் அதிகம் எடுப்பவர்களுக்கு கேனான் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம். வீட்டுக்குள் எடுப்பவர்களுக்கு நிக்கானில் 35 எம்எம் எஃப்/1.8, கேனானில் 24 எம்எம் எஃப்/2.8. புதிதாகத் தொடங்குபவர் வாங்க வேண்டிய முதல் லென்ஸ் இவற்றில் ஒன்றுதான்.

5. டெலி ஜூமை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கேலரியிலிருந்து ஜல்லிக்கட்டு, குளத்தங்கரைக் கொக்கு, சிறுமலைப் பறவை எல்லாம் 55 எம்எம்முக்கு எட்டாது. கேனானில் 55-250, நிக்கானில் 70-300 ஏஎஃப்-பி போதும். கை நடுக்கத்தைக் குறைக்கும் ஐஎஸ் அல்லது விஆர் வசதி இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மலிவு மாடல்களும் விற்கின்றன. பாயும் காளைக்கு அந்த வசதி மட்டும் போதாது. ஷட்டரை 1/1000-க்கு வையுங்கள். தை மாத நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200-லேயே அது சாத்தியம்.

6. கிட்டத்தில் எடுக்க மேக்ரோ லென்ஸுக்கு அவசரப்பட வேண்டாம். கேனானின் 18-55 லென்ஸை 55-ல் வைத்துக் கால் மீட்டர் வரை நெருங்கினால் ஆறரை சென்டிமீட்டர் அகலம் படம் முழுக்க நிறையும். திண்டுக்கல் பூட்டின் சாவித்துவாரத்தையும், அதைச் சுற்றி அரம் போட்ட கீறல்களையும் எடுக்க அதுவே போதும். நிலக்கோட்டை மல்லி மொட்டு அளவுக்குச் சின்னப் பொருள் என்றால், 50 எம்எம் லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே 25 எம்எம் எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்டுங்கள். மூன்று சென்டிமீட்டர் அகலம் படம் முழுக்க விழும். உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் வளையம்தான் என்பதால் விலை குறைவு. தங்க நிறத் தொடர்புப் புள்ளிகள் உள்ள ட்யூபாகக் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாவிட்டால் எஃப் எண்ணை மாற்ற முடியாது.

7. வைடு லென்ஸ் கடைசியில் வரட்டும். மலைக்கோட்டையைக் கீழிருந்து முழுதாக எடுக்க கிட் லென்ஸின் 18 எம்எம்மே போதும். மேலே ஏறிய பிறகு ஊர் முழுவதையும் காட்ட வேண்டுமானால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு படத்தில் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் வருகிற மாதிரி வரிசையாக எடுத்து கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம்.

8. பிளாஷ் வாங்கினால் தலை திரும்புகிற பிளாஷாக வாங்குங்கள். கேமராவில் இருக்கும் சின்ன பிளாஷ் முகத்தில் நேராக அடித்து எண்ணெய் மினுக்கத்தைக் கூட்டும். பின்சுவரில் கறுப்பு நிழலும் விழும். பிளாஷின் தலையை வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி அடித்தால் வெளிச்சம் பரவி மென்மையாக இறங்கும். பந்தலுக்குள் கவனம் தேவை. சிவப்பு, மஞ்சள் துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்துக்கும் அந்த நிறத்தையே பூசிவிடும். அங்கே ஒரு வெள்ளை அட்டையை பிளாஷின் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தி அடியுங்கள். கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 பாடிகளில் பிளாஷ் மாட்டும் இடத்தில் நடுத் தொடர்பு முள் கிடையாது. வேறு நிறுவனங்களின் பல பிளாஷ்கள் அதில் எரியாது. உங்கள் பாடியைக் கடைக்கே எடுத்துப் போய், மாட்டி அடித்துப் பார்த்தபின் காசு கொடுங்கள்.

9. டிரைபாடில் உயரத்தைவிட உறுதியைப் பாருங்கள். செல்போனுக்கு விற்கும் மெலிந்த கால்கள் டிஎஸ்எல்ஆரைத் தாங்காது. மூன்று கிலோ தாங்கும், நடுத்தண்டின் அடியில் கொக்கி உள்ள டிரைபாடாக வாங்குங்கள். காற்று அடிக்கும்போது அந்தக் கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் ஆடாது. டிரைபாடில் வைத்ததும் ஐஎஸ் அல்லது விஆரை அணைத்துவிட்டு, இரண்டு நொடி டைமர் போட்டு எடுங்கள்.

10. பில்டர் வாங்குமுன் லென்ஸின் முன்விளிம்பில் வட்டத்தில் கோடு போட்ட குறிக்குப் பக்கத்து எண்ணைப் பாருங்கள். கேனான் 18-55-க்கும் 55-250-க்கும் 58 எம்எம் என்பதால் ஒரே பில்டர் இரண்டுக்கும் ஆகும். 50 எஸ்டிஎம்முக்கு 49. யூவி பில்டர் புழுதியிலிருந்து கண்ணாடியைக் காக்கும். ஆனால் திருவிழா இரவில் சீரியல் பல்புகளை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், விளக்குகளின் பிம்பம் படத்தில் இரட்டையாக விழும். ஆத்தூர் காமராஜர் அணையின் தண்ணீர் மினுமினுப்பையும் இலைகளின் பளபளப்பையும் குறைத்து வானத்தின் நீலத்தைக் கூட்ட போலரைசர் பில்டர் உதவும். சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். வெளிச்சத்தைக் குறைப்பதால் வீட்டுக்குள் வேண்டாம்.

11. லென்ஸ் ஹூடைத் தனியாகவாவது வாங்குங்கள். பல மலிவு லென்ஸ்களின் பெட்டியில் அது இருக்காது. பக்கவாட்டு வெயில் கண்ணாடியில் பட்டுப் படம் வெளுத்துப் போவதைத் தடுக்கும். கூட்டத்தில் யாராவது இடித்தாலும் அடி முதலில் ஹூடில்தான் விழும்.

12. பேட்டரியும் கார்டும் இரண்டிரண்டாக இருக்கட்டும். கேனான் 1500டி ஒரு சார்ஜில் சுமார் 500 படம் எடுக்கும். முழுநாள் விசேஷத்துக்கு அது போதாது. நிக்கான் டி3500 ஆயிரத்தைத் தாண்டும் என்பதால் இரண்டாவது பேட்டரிக்கு அவசரமில்லை. ஒரே 128 ஜிபி கார்டைவிட இரண்டு 64 ஜிபி கார்டு நல்லது. ஒன்று கெட்டாலும் பாதியாவது மிஞ்சும். வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் யூ3 அல்லது வி30 என்று அச்சிட்ட கார்டாக வாங்குங்கள். கார்டைக் காலி செய்வதை எப்போதும் கேமராவிலேயே 'ஃபார்மேட்' கொடுத்துச் செய்யுங்கள்.

13. ஆடிக் காற்றில் வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் அந்த மாதங்களில் அடிக்கும் காற்று புழுதியை நேரே சென்சாருக்குக் கொண்டுபோய்விடும். பேருந்திலோ கடைக்குள்ளோ போய், கேமராவை அணைத்து, வாய்ப்பக்கம் தரையைப் பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். ரப்பர் பந்து போன்ற ஏர் புளோயர் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி படும். முதலில் ஊதித் தூசியை விரட்டிவிட்டு அதன் பிறகே மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். மணலோடு தேய்த்தால் கீறல் நிச்சயம். வேட்டி நுனி, சேலைத் தலைப்பு வேண்டாம்.

14. மழைக்காலத்தில் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பீரோவுக்குள் துணிகளோடு வைத்த லென்ஸிலும், தோல் உறைக்குள் மூடிய லென்ஸிலும் நூல் நூலாகப் பூஞ்சை படரும். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவே போதும். மீட்டர் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். மணிகள் நிறம் மாறியதும் சூடாக்கி ஈரத்தைப் போக்கி மறுபடி பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைக்காதீர்கள், அந்தத் தூள் லென்ஸ் வளையங்களுக்குள் இறங்கிவிடும்.

15. குளிரிலிருந்து வெக்கைக்கு வரும்போது பையைத் திறக்காதீர்கள். கொடைக்கானலில் குளிர்ந்த கேமராவை வத்தலக்குண்டு இறங்கியதும் வெளியே எடுத்தால் கண்ணாடி மேல் நீர் முத்துமுத்தாகப் படியும், உள்ளேயும் படியலாம். ஏசி மண்டபத்திலிருந்து வாசலுக்கு வரும்போதும் இதேதான். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டால் சூடு சமமாகிவிடும்.

16. பையை உங்கள் பயணத்துக்கு ஏற்ப வாங்குங்கள். பைக்கில் போகிறவர்களுக்கு இரு தோளிலும் மாட்டும் பை நல்லது. டேங்க் மேலும் சீட்டுக்கு அடியிலும் வைத்தால் அதிர்வில் லென்ஸின் திருகுகள் தளரும். மழை உறை சேர்ந்த பையாகப் பாருங்கள். கோட்டைப் படி ஏறும் நாளில் பாடியும் ஒரு லென்ஸும் தண்ணீர் பாட்டிலும் போதும்.

17. பழைய லென்ஸைத் தைரியமாக வாங்கலாம், சோதித்து வாங்குங்கள். பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் பாதி விலைக்கும் கிடைக்கின்றன. பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து நாலு மூலையும் ஒரே அளவு தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். போகஸ், ஜூம் வளையங்கள் சிக்காமல் சுழல வேண்டும். பிற்காலத்தில் நீங்கள் மிரர்லெஸ் வாங்கினாலும் கேனானுக்கும் நிக்கானுக்கும் அடாப்டர்கள் உண்டு. இந்த லென்ஸ்கள் வீணாகாது. புதிது வாங்கும்போது ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரன்டி கார்டும் கேட்டு வாங்குங்கள்.

18. எங்கே எடுக்கலாம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் செல்போனுக்கும் கேமராவுக்கும் தடை. தைப்பூசத்துக்கு நத்தம் சாலையில் நடந்து வரும் பாதயாத்திரைக் கூட்டத்தையும் காவடிகளையும் சாலையோரத்தில் நின்று கிட் லென்ஸிலேயே அழகாக எடுக்கலாம். முகத்தருகே போகுமுன் அனுமதி கேளுங்கள். மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் டிரைபாட் வைக்க முன்அனுமதி தேவை. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் 2022-ல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயப் பகுதிக்கு வனத்துறை அனுமதியோடு மட்டும் போங்கள். இரவில் விழித்திருக்கும் தேவாங்கின் பெரிய கண்களில் பிளாஷ் அடிப்பது கொடுமை. எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் ஏர் புளோயர், காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், இரண்டாவது கார்டு. அடுத்து நான்காவது குறிப்பில் சொன்ன லென்ஸ்களில் ஒன்று. வீட்டு விசேஷங்களில் எடுப்பவர் என்றால் மூன்றாவது பிளாஷ். வெளியில் சுற்றுபவர் என்றால் டெலி ஜூம். டிரைபாடும் போலரைசரும் அதற்குப் பிறகு வரலாம். சந்தேகமாக இருக்கும் லென்ஸை ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பட்ஜெட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கும் இடம் வையுங்கள். லென்ஸ் உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அழிந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது.