பைத்தான் பாடம்: நிரல் விழுங்கும் நினைவகம்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கல்லூரி ஆய்வுக்காகப் பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறார்கள். இரவு ஓட விட்டுத் தூங்கப் போனால், காலையில் நினைவகம் போதாமல் பாதியிலேயே நின்றிருக்கும். உடனே பெரிய கம்ப்யூட்டர் வேண்டும் என்பார்கள். பணத்தை எடுப்பதற்கு முன் இந்தப் பாடத்தைப் படித்து விடுங்கள்.

பைத்தான் நினைவகத்தைத் தானே பராமரிக்கும். ஒரு தரவை எத்தனை இடங்களிலிருந்து சுட்டுகிறோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானதும் இடத்தை விடுவிக்கும். ஒன்றையொன்று சுட்டி நிற்பவற்றைக் கண்டுபிடித்துக் கழிக்கும் வசதியும் 2000-ல் வந்த 2.0 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ஆகவே இடம் திரும்பவில்லை என்றால், பெரும்பாலும் நம் நிரலே அதை எங்கோ பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 100 கோப்புகள், ஒவ்வொன்றிலும் 1 கோடி எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் கோப்புக்கு 80 மெகாபைட். 'நம்பை' என்ற கணித நூலகத்தால் ஒவ்வொரு கோப்பையும் ஓர் அணியாகப் படித்து, முதல் 10 எண்களை மட்டும் வெட்டிப் பட்டியலில் சேர்க்கிறோம். 80 பைட்தானே என்று தோன்றும். ஆனால் இப்படி வெட்டிய துண்டு நகல் அல்ல. மூல அணியைப் பார்க்கும் ஜன்னல் மட்டுமே. ஜன்னல் வேண்டுமென்றால் வீடும் நிற்க வேண்டுமே! துண்டு இருக்கும்வரை 80 மெகாபைட்டும் தங்கும். 100 கோப்புகளுக்கு 8 கிகாபைட்!

பரிகாரம் எளிது. துண்டைக் 'காப்பி' கட்டளையால் நகலெடுத்துச் சேருங்கள். 100 கோப்புகளின் எண்களும் 8,000 பைட்டில் அடங்கும்.

தவறு எங்கே என்று தெரியாவிட்டால்?

1. பைத்தானுடனேயே வரும் 'ட்ரேஸ்மல்லாக்' கருவியை நிரலின் தொடக்கத்தில் இயக்குங்கள். (2014-ல் வந்த 3.4 பதிப்பு முதல் இது உண்டு.)

2. 5 கோப்புகள் முடிந்ததும் ஒரு பதிவு, 10 முடிந்ததும் இன்னொரு பதிவு எடுங்கள்.

3. இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்த வரியில் ஒதுக்கிய இடம் வளர்கிறது என்று தெரியும்.

கவனிக்க: அது காட்டுவது இடம் ஒதுக்கிய வரியை, பிடித்து வைத்திருக்கும் வரியை அல்ல. நம் உதாரணத்தில் கோப்பைப் படிக்கும் வரியைத்தான் காட்டும். அங்கே பிறந்த தரவு பிறகு எந்தப் பட்டியலுக்குப் போனது என்று நாம்தான் தேட வேண்டும்.

பயிற்சி: 'மேட்பிளாட்லிப்' கொண்டு 100 வரைபடங்கள் வரைந்து சேமிக்கும் நிரல் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் சேமித்தபின் 'குளோஸ்' கட்டளையால் மூடியும் மூடாமலும் ஓட்டி, நினைவகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தானே விளங்கும்.